தலைவலி என்று வருபவரிடம் முதலில் வாங்க வேண்டியது நேரக் கணக்கு

"தலைவலிங்க சார்" என்று ஒருவர் ஓ.பி.யில் வந்து உட்காருகிறார். பி.பி. நார்மல். கண், கழுத்து, கைகால் பலம், நடை எல்லாம் சரியாக இருக்கிறது. ஸ்கேனுக்கு அனுப்பினாலும் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சர்க்கரைக்கு ரத்தச் சோதனை உண்டு, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே உண்டு. மைக்ரேன் என்று காட்டித்தரும் சோதனை எதுவும் கிடையாது. நோயாளி வாயிலிருந்து வரும் விவரத்தை ஒழுங்காகக் கேட்டு வாங்குவதுதான் அங்கே சோதனை. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் புதிதாக ஓ.பி.யில் உட்காரும் ஹவுஸ் சர்ஜன்கள், நர்சிங் மாணவர்கள், துணை சுகாதார நிலையச் செவிலியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. தலைவலிக்காரர்களும் படிக்கலாம். என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடிப்படை இதுதான். தலைவலியில் இரண்டு குடும்பங்கள். ஒன்றில் தலைவலியே நோய்: மைக்ரேன், இறுக்கத் தலைவலி, கொத்துத் தலைவலி. இன்னொன்றில் தலைவலி வேறொரு நோயின் அறிகுறி: ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல், கட்டி, ரத்தக்குழாய் அடைப்பு, கண் அழுத்தம் என்று பட்டியல் நீளும். முதல் குடும்பம்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். இரண்டாவதில் சில, சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். இவர் எந்தக் குடும்பம் என்று பிரித்தெடுக்கத்தான் இத்தனை கேள்விகளும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "எங்க வலிக்குது?" என்று ஆரம்பிப்பார்கள். நோயாளி நெற்றியைக் காட்டுவார். நெற்றியில் மைக்ரேனும் வரும், இறுக்கத் தலைவலியும் வரும், கட்டியும் வலிக்கும். அடுத்து "ரொம்ப வலிக்குதா?" என்பார்கள். மருத்துவமனை வரைக்கும் வந்தவர் ஆமாம் என்றுதான் சொல்வார். இடமும் கடுமையும் பிறகு உதவும். குடும்பத்தைப் பிரித்துக் காட்டுவது நேரம்தான். எப்போது ஆரம்பித்தது, உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரமானது, மாத்திரை போடாவிட்டால் எத்தனை மணி நேரம் நிற்கும், மாதத்தில் எத்தனை நாள். இந்த நான்கும் கையில் இருந்தால் மீதிக் கேள்விகள் தானாக வரிசைக்கு வரும்.

முதல் ஒரு நிமிடம் குறுக்கே பேசாமல் விடுங்கள். பிறகு கேளுங்கள்: "உங்களுக்கு ஒரே மாதிரி தலைவலிதானா, இல்ல ரெண்டு மூணு தினுசா வருதா?" பலருக்கு இரண்டு இருக்கும். தினமும் லேசாக அழுத்துவது ஒன்று, மாதம் இரண்டு தடவை படுக்கையில் போடுவது ஒன்று. இரண்டையும் கலந்து கேட்டால் எந்த வகையிலும் சேராத ஒரு தலைவலி கேஸ் ஷீட்டில் உருவாகிவிடும். தனித்தனியாக வாங்குங்கள்.

சொல்லுக்குள் என்ன இருக்கிறது

நம் பக்கம் தலைவலிக்குச் சொல்வளம் அதிகம். அதுவே வலையும்கூட.

"ஒற்றைத் தலைவலி" என்பதிலிருந்து தொடங்கலாம். மைக்ரேனுக்குத் தமிழில் அதுதான் பெயர் என்று ஆகிவிட்டது. ஆனால் மைக்ரேன் இரண்டு பக்கமும் வரும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் வரும். "ரெண்டு பக்கமும் வலிக்குதுங்க, அப்ப ஒத்தத் தலைவலி இல்லீங்களே" என்று நோயாளியே அதைத் தள்ளிவிடுவார். மறுபுறம், பல் வலியால் ஒரு பக்கம் வலிப்பவரும் "ஒத்தத் தலைவலிங்க" என்பார். அந்தச் சொல்லைப் பக்கமாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், நோயாக எழுதிவிடாதீர்கள்.

"பித்தத் தலைவலி, வாந்தி எடுத்தா விட்டுரும்" என்று ஒருவர் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். குமட்டல், வாந்தி, வாந்திக்குப் பின் தூக்கம், தூங்கி எழுந்தால் தெளிவு: மைக்ரேனின் போக்கை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். "நீர் கோத்துக்கிச்சு" என்றால் சளியா, பாரமா, தலைக்கு ஊற்றியபின் வந்ததா என்று பிரிக்க வேண்டும். "விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது" என்பது துடிக்கும் வலி. "பட்டை போட்டு இறுக்குனாப்டி" என்பது அழுத்தும் வலி. "சுள்ளுன்னு கரண்ட் அடிச்சாப்டி", அதுவும் பல் தேய்க்கும்போதும் முகம் கழுவும்போதும் கன்னத்தில் என்றால், முகநரம்பு வலியை நினையுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் "மயக்கம்". தலை சுற்றியதும் மயக்கம், கண் இருட்டியதும் மயக்கம், பசியில் தள்ளாடியதும் மயக்கம், நினைவு தப்பிக் கீழே விழுந்ததும் மயக்கம். தலைவலியோடு நினைவு தப்பியது என்றால் அவரை உடனே அனுப்ப வேண்டும். தலைவலியோடு கிறுகிறுப்பு என்றால் மைக்ரேனாக இருக்கலாம். ஆகவே உடைத்துக் கேளுங்கள்: "நெனவு இருந்துச்சா? பக்கத்துல பேசறது காதுல உளுந்துச்சா? கீழ உளுந்தீங்களா, இல்ல உக்காந்துக்கிட்டீங்களா?" கூட இருந்தவரிடமும் கேளுங்கள். நினைவு தப்பியவருக்கு அது தெரிந்திருக்காது.

அதற்கு அடுத்தது "திடீர்னு". இதில் ஏமாறாதவர் இல்லை. நோயாளி சொல்லும் திடீர் என்பது 'எதிர்பார்க்காமல்' என்ற பொருளில். காலையில் நன்றாக இருந்து மதியம் வலித்தாலும் திடீர்தான். உங்களுக்கு வேண்டியது நொடிக் கணக்கு. "ஆரம்பிச்சதிலிருந்து இதுக்கு மேல வலிக்க முடியாதுங்கற அளவுக்குப் போக எவ்வளவு நேரமாச்சு? கை சொடுக்கற நேரமா, ஒரு டீ குடிக்கற நேரமா, ஒரு மணி நேரமா?" என்று கேளுங்கள். அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் கேளுங்கள். நொடியில் தாக்கிய வலி என்றால் அந்த இடம் துல்லியமாக ஞாபகம் இருக்கும்: "மோட்டார் போட சுச்சுல கை வச்சனுங்க, அப்ப." ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன வலியை, இடி விழுந்தாற்போன்ற தலைவலி என்று எடுத்துக்கொண்டு, வேறொன்று என்று நிரூபணம் ஆகும்வரை மூளையைச் சுற்றிய ரத்தக்கசிவாகவே நடத்த வேண்டும். மாத்திரையில் குறைந்துவிட்டது என்பதால் அது இல்லை என்று ஆகாது. கசிவு வலியும் மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கும்.

இங்கே ஆரம்பித்த மணியைச் சீட்டில் எழுதியே ஆக வேண்டும். 6 மணி நேரத்துக்குள் எடுத்த நல்ல சி.டி. இத்தகைய கசிவை ஏறக்குறைய முழுமையாகக் காட்டிவிடும். நேரம் போகப்போக தவறவிடும் வாய்ப்பு கூடும். முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டி வரும். மலைமேல் இருக்கும் தாளவாடியிலிருந்து ஒருவரை அனுப்பினால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவையும் இறங்கித்தான் சத்தியமங்கலமே வர வேண்டும். ஆறு மணி நேரம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'நேற்று இரவு' என்று எழுதுவதற்கும் 'இரவு 9.40' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே போனபின் தெரியும்.

ஒரு மாதிரி உரையாடல்

நாற்பது வயதுப் பெண், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் இளையவர்.

"சொல்லுங்கக்கா, என்ன பண்ணுது?"

"சைனஸ் தலைவலிங்க சார். மூணு வருசமா இருக்குது."

"நோய்க்குப் பேரு அப்பறம் வச்சுக்கலாங்க்கா. கடைசியா வந்த வலியை மட்டும் சொல்லுங்க. எந்தக் கெழமை?"

"ஞாயித்துக்கெழமைங்க. வெடியால எந்திரிக்கறப்பவே கழுத்து புடிச்சாப்டி இருந்துச்சு, கொட்டாவியா வந்துச்சு. எட்டு எட்டரைக்கு இந்தப் பொட்டுல தெறிக்க ஆரம்பிச்சுருச்சு."

"எப்ப விட்டுச்சு?"

"மாத்திரை போட்டுப் படுத்தனுங்க. சாயந்திரம் வாந்தி ஒண்ணு வந்துச்சு, அப்பறம் தூங்கிட்டனுங்க. திங்கக்கெழமை வேலைக்குப் போயிட்டேன், ஆனா தலை பாரமாவே இருந்துச்சு."

"வலிக்கறப்ப சமையல் பண்ணுவீங்களா?"

"எங்கீங்க சார். பக்கத்து வூட்ல வெங்காயம் தாளிச்சாலே கொமட்டும். கதவைச் சாத்திக்கிட்டு, சீலையை இறுக்கிக் கட்டிட்டுப் படுத்துக்குவேன். புள்ளைங்க டி.வி. போட்டா சண்டைதான்."

"சளி, காய்ச்சல்?"

"அதெல்லாம் இல்லீங்க. மூக்கு லேசா அடைக்கும், கண்ணுல தண்ணி வரும்."

இதில் "வெளிச்சம் பிடிக்காதா, சத்தம் பிடிக்காதா" என்ற கேள்வியே இல்லை. அப்படிக் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். நீங்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுவது மரியாதை என்று நினைக்கும் ஊர் இது. வலிக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நடத்தையே பதில் சொல்லும். கதவு, டி.வி., தாளிக்கும் வாசம், படுக்கை எல்லாம் அதில் வந்துவிட்டன. கடைசியாக வந்த ஒரே ஒரு வலியைப் பிடித்துக்கொண்டதும் கவனித்துச் செய்ததுதான். "பொதுவா எப்படி இருக்கும்?" என்றால் மூன்று வருடக் கதை மூட்டையாக வரும். கிழமையைப் பிடித்தால் மணி வரும்.

இப்போது சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-ல் வெளியிட்ட மூன்றாம் வகைப்பாட்டோடு வைத்துப் பாருங்கள். ஆரா (வலிக்கு முன் கண்ணில் ஒளி தெரிவது போன்ற குறி) இல்லாத மைக்ரேன் என்று சொல்ல குறைந்தது 5 தடவை வந்திருக்க வேண்டும். சரியாக மருந்து கிடைக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நிற்க வேண்டும். ஒரு பக்கம், துடிப்பு, வேலையைக் கெடுக்கும் அளவு கடுமை, நடந்தால் படியேறினால் கூடுவது என்ற நான்கில் இரண்டு வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம், சத்தம் இரண்டுமே ஆகாமல் போக வேண்டும். இந்த அக்காவுக்கு எல்லாம் பொருந்துகிறது. கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் வலிக்கு முன்னோடிகள். அவற்றைக் காரணம் என்று நினைத்து "கழுத்தெலும்பு தேய்மானம்" என்று எழுதி எக்ஸ்ரேக்கு அனுப்புவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. ஞாயிறு என்பதும் சும்மா வந்ததில்லை. சனிக்கிழமை சம்பள நாள், வேலை நீளும். மறுநாள் எழ நேரமாகும், காலை டீ தள்ளிப்போகும், பசியும் சேரும்.

சைனஸ் எங்கே போனது? மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், குனிந்தால் வலி கூடும். அதனால்தான் இத்தனை பேர் தமக்கு சைனஸ் என்று நம்புகிறார்கள். 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தமக்கு சைனஸ் தலைவலி என்று சொன்ன 2,991 பேரைச் சோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் வகை வலியே இருந்தது. உண்மையான சைனஸில் காய்ச்சல், சீழ்போன்ற சளி, வாசனை தெரியாமை இருக்கும். மூன்று வருடம் விட்டுவிட்டு வராது.

"பிரஷர் தலைவலி"யும் இதே கதைதான். 150/90 உள்ள பி.பி. தலைவலி தருவதில்லை. வலியால் பி.பி. கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். 180/120-ஐத் தாண்டி, பார்வை மங்கல், குழப்பம் என்று சேர்ந்து வந்தால் அது வேறு விஷயம், அவசரம்.

மற்ற இரண்டு வகைகளையும் நேரம்தான் பிரிக்கிறது. இறுக்கத் தலைவலி 30 நிமிடம் முதல் 7 நாள் வரை நீளும், இரு பக்கமும் அழுத்தும், வாந்தி இருக்காது, தறி ஓட்டிக்கொண்டே அதைத் தாங்கிவிடுவார்கள். கொத்துத் தலைவலி 15 முதல் 180 நிமிடம்தான். ஆனால் ஒரு கண்ணைச் சுற்றி உயிர் போகும் வலி. அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் கொட்டும், இமை தொங்கும், ஒரே நாளில் எட்டுத் தடவைகூட வரலாம். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார். இவர் உட்கார மாட்டார், நடப்பார், சுவரில் முட்டிக்கொள்வார். ராத்திரி ஒரே மணிக்கு எழுப்பிவிடுகிறது என்று சொல்லும் லாரி டிரைவரைப் பல் பிடுங்க அனுப்பிவிடாதீர்கள்.

வலிக்கு முன்னால் கண்ணில் என்ன தெரிந்தது

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் ஜிகுஜிகுவென்று ஒளி, கோட்டைச் சுவர் மாதிரி வளைகோடு, நடுவில் தெரியாத ஒரு திட்டு வரும். ஆரா என்பது இதுதான். மெல்லப் பரவும், ஒவ்வொரு குறியும் 5 முதல் 60 நிமிடம் இருக்கும். கையில் ஆரம்பித்த மதமதப்பு விரல் விரலாக ஏறி உதடு வரை போவதும் உண்டு. பக்கவாதத்தில் இப்படி ஊர்ந்து வராது. ஒரே அடியாகப் போய்விடும். "கண்ணு தெரியலீங்க" என்றால் ஒளி கூடித் தெரியவில்லையா, இருட்டாகத் தெரியவில்லையா, பரவியதா, எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். குனிந்து நிமிரும்போது சில நொடி இருட்டடித்து, காதுக்குள் நாடி மாதிரி 'உஸ் உஸ்' என்று கேட்கிறது என்று உடல் பருமனான இளம்பெண் சொன்னால் மண்டைக்குள் நீரழுத்தம் கூடியிருக்கலாம். கண்ணின் பின்புறத்தைப் பார்த்தாக வேண்டும். டாக்சிசைக்ளின் மாதிரி மாத்திரைகளும் வைட்டமின் ஏ-வும் அதைக் கிளப்பும். முகப்பருவுக்கு என்ன சாப்பிடுகிறார் என்பது அதனால் சம்பந்தமில்லாத கேள்வி ஆகாது.

ஆரா உள்ள பெண் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது, பக்கவாத அபாயம் கூடும். அந்தக் கேள்வியை மறந்தால் தலைவலியைக் கண்டுபிடித்தும் நோயாளிக்குக் கெடுதல் செய்தவர்கள் ஆவோம். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரைக்குள் வலி விழுகிறதா என்றும் கேட்கவும். "தூரத்துக்கு முன்னாடி வருதுங்களா?" என்றால் வெட்கமில்லாமல் பதில் வரும்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு மாமியார் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. "அம்மா, இந்தச் சீட்டுல சீல் போட்டுட்டு வந்துருங்களே" என்று அனுப்பிவிடுங்கள். அந்த மூன்று நிமிடத்தில் தூக்கம், வீட்டுக்காரர் குடி, அடி, மனச்சோர்வு, மாசமாக இருக்கிறாரா என்பது எல்லாம் வரும்.

மாத்திரைக் கணக்கு

"மாத்திரை அடிக்கடி போடுவீங்களா?" என்றால் "வலிச்சா மட்டுந்தாங்க" என்றுதான் பதில். வலி எத்தனை நாள் என்பதே தெரியாதபோது அந்தப் பதிலால் பயனில்லை. பின்னால் இருந்து எண்ணுங்கள். "இன்னைக்குப் போட்டீங்களா? நேத்து? முந்தாநேத்து? வெள்ளிக்கெழமை?" ஒரு வாரம் எண்ணினால் போதும், நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். மாத்திரை எண்ணிக்கையைவிட, மாத்திரை விழுங்கிய நாட்களின் எண்ணிக்கை முக்கியம். வெறும் பாராசிட்டமால் என்றால் மாதம் 15 நாளும், பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையோ, டிரிப்டான், எர்கோட்டமின் என்ற மைக்ரேன் மருந்துகளோ என்றால் 10 நாளும் மூன்று மாதத்துக்கு மேல் தாண்டினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வலி மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ ஆகிவிடும். சாரிடானில் பாராசிட்டமாலோடு வேறொரு வலிமருந்தும் காஃபினும் இருக்கின்றன. வாசோகிரெயினில் எர்கோட்டமின் இருக்கிறது. இதய நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் ஆகாது. இரண்டுமே 10 நாள் கணக்கில் வருபவை.

இதில் நம் ஊர்ச் சிக்கல், மெடிக்கலில் காகிதக் கவரில் பிரித்துக் கொடுக்கும் 'செட்' மாத்திரை. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சின்னது ஒன்று. பெயர் தெரியாது. சின்னது ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். கவரை எடுத்து வரச் சொல்லுங்கள். மூட்டு வலிக்குப் போடும் மாத்திரையையும் கணக்கில் சேருங்கள். உடம்புக்குள் போனபின் அது தலைக்கா முழங்காலுக்கா என்று பிரியாது. மார்வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, பி.பி. மாத்திரைகளில் சில, இவையும் தலைவலி தரும். எத்தனை டீ, எத்தனை காபி என்பதும் மருந்துக் கணக்குதான். தினம் ஐந்தாறு டீ குடிப்பவர் விரதம் என்று நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குள் தலை வலிக்கும்.

"எந்த மாத்திரைக்கும் கேக்கலீங்க" என்பதையும் அப்படியே எழுதாதீர்கள். எத்தனை மில்லிகிராம், வலி ஆரம்பித்து எத்தனை மணி நேரம் கழித்து, போட்டபின் வாந்தி வந்ததா? வலி முற்றியபின் விழுங்கிய ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை, பத்து நிமிடத்தில் வாந்தியில் போனது என்றால், மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது.

அனுப்பியே ஆக வேண்டியவர்கள்

நொடியில் தாக்கிய வலியை மேலே பார்த்தோம். மற்றவற்றில் நம் பக்கம் தவறிப்போகிறவற்றை மட்டும் சொல்கிறோம்.

தலையில் அடி. "அடிபட்டுச்சா?" என்றால் இல்லை என்பார்கள். "வண்டியில உளுந்தீங்களா, பாத்ரூம்ல வழுக்குச்சா, தென்ன மட்டை மேல உளுந்துச்சா? ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னாடி?" என்று கேட்டால் வரும். வயதானவருக்கு, அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு, சின்ன இடியிலும் மண்டைக்குள் ரத்தம் மெல்லச் சேர்ந்து பல வாரம் கழித்துத் தலைவலி, தூக்கக் கலக்கம், நடை தள்ளாட்டம் என்று வெளிப்படும்.

கர்ப்பமும் பிரசவமும். 20 வாரத்துக்குப் பின் புதிய தலைவலி என்றால் கேள்விக்கு முன் பி.பி. பாருங்கள், 140/90-ஐத் தொட்டால் விடக்கூடாது. பிரசவம் ஆகி ஆறு வாரம் வரை இதே எச்சரிக்கை. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டவருக்கு உட்கார்ந்தால் வலி, படுத்தால் போகும் என்றால் அது ஊசித்துளை வழியே நீர் கசிவதால் வரும் வலி. ஆனால் இரண்டு நாளில் படுத்தாலும் வலி என்று மாறினால், மூளையின் சிரைக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். பத்தியம் என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் குறைத்தார்களா என்பதைக் கேளுங்கள். உடம்பில் நீர் வற்றினால் அந்த அடைப்புக்கு வழி சுலபம்.

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி. சீப்புப் பட்டால் தலை வலிக்கிறது, வெற்றிலை மென்றால் தாடை களைத்து வலிக்கிறது, நிறுத்தினால் விடுகிறது என்றால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சி. அரிதுதான், ஆனால் தவறவிட்டால் பார்வை திரும்பாது. அன்றே இ.எஸ்.ஆர். ரத்தச் சோதனை, அன்றே அனுப்ப வேண்டும். அதே வயதில் கண் சிவந்து, பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் சேர்ந்தால் கண் அழுத்தம். வாந்தியைப் பார்த்து வயிற்று ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் கண் போயிருக்கும்.

காய்ச்சலும் கழுத்து விறைப்பும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டு மூன்று வாரமாக மாலையில் லேசான காய்ச்சல், தலைவலி, எடை குறைவு, ஆள் பேச்சு மாறிவிட்டார் என்றால் அது காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்பது தெரிந்தும் மறந்துபோகிறது. தலைவலியோடு வலிப்பு வந்ததா என்பதைத் தனியாகக் கேளுங்கள். அவமானம் என்று தானாகச் சொல்ல மாட்டார்கள். இருமினால், முக்கினால் மட்டும் வரும் வலி, நாளுக்கு நாள் ஏறும் வலி, ஹெச்.ஐ.வி. அல்லது புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக வரும் வலி, இவையும் ஸ்கேனுக்கு உரியவை.

பிறகு, "வூட்டுல வேற யாருக்காச்சும் அதே நேரத்துல தலை வலிச்சுதா?" குளியலறையில் கேஸ் கீசர், மூடிய அறையில் கரி, பவுண்டரியில் உலைப் பக்கம் வேலை, இவை கார்பன் மோனாக்சைடு தரும். வெளியே வந்தால் வலி தெளியும் என்பது அடையாளம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டி ஏமாற்றும். அதற்கு ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் ஒன்றுதான். மஞ்சள், பருத்திக் காட்டில் மருந்து அடித்துவிட்டு வந்தவர் வேர்த்துக்கொட்டி, எச்சில் ஊறி, கண்மணி ஊசிமுனையாக இருந்தால் அவருக்குத் தலைவலி வைத்தியம் இல்லை, விஷ வைத்தியம்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்குதுங்க" என்று கூட்டி வருவார்கள். குழந்தைகளுக்கு மைக்ரேன் 2 மணி நேரத்திலேயே முடிந்துவிடலாம், டாக்டரிடம் வருவதற்குள் விளையாட ஆரம்பித்திருக்கும். பேப்பரும் பென்சிலும் கொடுத்து வலியை வரையச் சொல்லுங்கள். அம்மாவிடம் அவர் தலைவலியைப் பற்றிக் கேளுங்கள்; பாதி நேரம் பரம்பரை அங்கே உட்கார்ந்திருக்கும்.

எழுதுவதும் நாட்காட்டியும்

'தலைவலி, மூன்று வருடம்' என்று ஒரு வரி எழுதினால் அடுத்தவர் முதலிலிருந்து கேட்க வேண்டும். மேலே பார்த்த அக்காவுக்கு இப்படி எழுதலாம்: "40 வயது, பெண். 37 வயதிலிருந்து. ஒரே வகை. இரண்டு மணி நேரத்தில் உச்சம். மருந்தோடும் 8 முதல் 10 மணி நேரம். மாதம் 6 நாள் கடுமை, 9 நாள் பாரம், 15 நாள் வலியே இல்லை. வலப் பொட்டு, துடிப்பு, வாந்தி, ஒளி ஒலி மணம் ஆகாது, படுத்துவிடுகிறார். ஆரா இல்லை. கலவை மாத்திரை மாதம் 11 நாள். நொடித் தாக்குதல், காய்ச்சல், வலிப்பு, அடி, கர்ப்பம் இல்லை. கண்ணின் பின்புறம் நார்மல்." வலியே இல்லாத நாளை எண்ணியிருப்பதைக் கவனியுங்கள். நோயாளி கடுமையான நாளை மட்டும்தான் வலிநாள் என்பார். "தலை சுத்தமா லேசா இருந்த நாளு எத்தனைங்க?" என்று கேட்டால்தான் மீதி ஒன்பதும் வெளிவரும்.

ஆரம்பித்த தேதி ஞாபகம் இல்லை என்றால் நோம்பியை, அதாவது திருவிழாவை, பிடியுங்கள். "பண்ணாரி குண்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? ஆடிப் பதினெட்டுக்கு இருந்துச்சா?" வருடக் கணக்கு தடுமாறும் பாட்டிகளும் இதில் தடுமாற மாட்டார்கள்.

அனுப்பும்போது டைரி எழுதச் சொன்னால் யாரும் எழுதுவதில்லை. ஆனால் பால் கணக்கு எழுதும் மாசக் காலண்டர் வீட்டுக்கு வீடு தொங்குகிறது. வலி வந்த நாளில் ஒரு வட்டம். படுக்கையில் போட்டால் வட்டத்துக்குள் கோடு. மாத்திரை போட்டால் பக்கத்தில் ஒரு டிக். தூரமான நாளுக்கு ஒரு புள்ளி. அடுத்த மாதம் வரும்போது அந்தத் தாளைக் கிழித்து எடுத்து வரச் சொல்லுங்கள். முதலில் டிக்குகளை எண்ணுங்கள்.